மெஷின் கம்பெனியின் பெயரிலேயே இருக்கட்டும்

வீட்டில் இருக்கும் கேஸ் சிலிண்டர் நம்முடையது இல்லை. டெபாசிட் கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்; சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. அதன் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையில் 'பி-28' என்பதுபோல் எழுதியிருக்கும். 2028 ஜூனுக்குள் மறுசோதனை செய்ய வேண்டும் என்று அர்த்தம். சோதனை தேறினால் அதே சிலிண்டர் இன்னொரு வீட்டுக்குப் போகும். தெருவோரக் குப்பையில் கேஸ் சிலிண்டர் கிடந்து நான் பார்த்ததில்லை.

பெங்களூரில் குடிநீர் சுத்திகரிப்பு மெஷினும் இப்படி மாத வாடகைக்குக் கிடைக்கிறது. விற்ற மெஷின், வாடகை மெஷின் இரண்டுக்கும் சர்வீஸ் செய்பவன் நான். இங்கே பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். விற்ற மெஷினில் அந்த அடைப்பு கம்பெனிக்கு வருமானம்: விசிட் சார்ஜ், புது ஃபில்டர், கடைசியில் புது மெஷினே. வாடகை மெஷினில் அதே அடைப்பு கம்பெனியின் தலையில் விழும் செலவு. அப்போதுதான் ஒட்டி மூடிய உறைக்குப் பதிலாகத் திருகித் திறக்கும் உறை வருகிறது, நல்ல பம்ப் வருகிறது.

விமான எஞ்சினில் இது பழைய கதை. 1962-லேயே பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம், பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எஞ்சின் பராமரிப்பைத் தானே ஏற்றது. எஞ்சின் உழைத்தால் நிறுவனத்துக்கு லாபம்.

நம் நாட்டின் புதிய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைக்கின்றன. ஆனால் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் 'இவ்வளவு மறுசுழற்சி செய்தோம்' என்ற சான்றிதழ் வாங்கியே கணக்கை நேர்செய்துவிடலாம். தான் செய்த மெஷின் தன்னிடம் திரும்பி வர வேண்டியதில்லை. சொத்து தன் பெயரில் இருந்தால் மட்டுமே, குப்பையாகும் முன்பே கம்பெனிக்கு அதன்மேல் அக்கறை வரும்.

ஒன்று கவனியுங்கள். யாரோ செய்த மெஷினை மொத்தமாக வாங்கி வாடகைக்கு விடும் இடைக் கம்பெனிகளும் உண்டு. அவர்களால் மெஷினின் டிசைனில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்ற முடியாது. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: தயாரித்தது யார்? மெம்பிரேன் வாடகையில் சேர்த்தியா? திரும்ப எடுத்த மெஷினை என்ன செய்வீர்கள்?

அல்சூரில் ஒரு வீட்டில், "அண்ணா, யாரோ யூஸ் பண்ணினது வேண்டாம், புதுசா குடுங்க" என்றார்கள். தண்ணீர் படும் ஃபில்டர், மெம்பிரேன், பைப் எல்லாம் புதிது, வெளிப்பெட்டியும் அடாப்டரும்தான் பழையவை என்று பிரித்துக் காட்டினேன். சரி என்று மாட்டிக்கொண்டார்கள். இப்படி வாங்க ஆளில்லை என்றால், திரும்பி வந்த மெஷின் குடோனிலிருந்து நேரே காயலான் கடைக்குத்தான் போகும்.