பிரைமரோடு நின்றுபோகும் சுவர்கள்

பெயிண்ட் வேலை செய்யும் எனக்கு இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது வீடு இது. தை மாதம் கிரகப்பிரவேசம் முடித்துக் குடியேறிய ஆசிரியர் தம்பதி, "சுவரைத் துடைத்தால் துணியோடு வெள்ளையும் வந்துவிடுகிறது, பெயிண்ட் மட்டமாக இருக்குமோ தம்பி?" என்று கேட்டு என்னை அழைத்திருந்தார்கள். ஹாலில் சோபாவுக்கு மேலே, தலை சாய்த்த இடங்களில் எண்ணெய் வட்டம் வட்டமாக ஊறியிருந்தது. சமையலறையில் டைல்ஸுக்கு மேலே தாளிப்புத் தெறித்த மஞ்சள் கறையை அந்த வீட்டு அம்மா ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். கறை அப்படியே இருக்க, அதைச் சுற்றியிருந்த வெள்ளை மட்டும் கரைந்து, சுவரைச் சமப்படுத்த உள்ளே பூசியிருந்த பட்டி தெரிந்தது. அந்த வீட்டில் பெயிண்டே அடிக்கப்படவில்லை. இரண்டு கோட் பட்டி, பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமர் ஒரு கோட், அத்தோடு பணமும் தீர்ந்து வேலையும் நின்றிருந்தது.

"வெள்ளையாகத்தானே இருக்கிறது, கலர் அடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்துப் பழகிய வீடுகள் நம்முடையவை என்பதால், வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் சுண்ணாம்பின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு நாளாக நாளாகக் கல்லாக இறுகுவது. அதற்கு மேல் வேறொரு பூச்சு வேண்டியதில்லை. உள்சுவருக்கு நாம் அடிக்கும் பிரைமரிலோ தூள் அதிகம், பசை குறைவு. மேலே வரும் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட், நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அது நுண்துளைகளோடு காய்கிறது. எமல்ஷனைப் பிடிக்க வேண்டிய அந்தத் துளைகள், எமல்ஷன் வராவிட்டால், தலை எண்ணெயையும் மஞ்சளையும் குடித்துக்கொள்கின்றன. இரண்டு கோட் பிரைமர் ஒரு கோட் பெயிண்டுக்குச் சமம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பத்துக் கோட் அடித்தாலும் அது பிரைமர்தான்.

இதில் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பாதியில் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பும்போது, "இதைத் துடைக்காதீர்கள், சீக்கிரம் இரண்டு கோட் அடித்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பணம் இல்லையென்றால், தயவுசெய்து சிமென்ட் பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதிய பூச்சு எப்படியும் 28 நாளாவது காய வேண்டும். பட்டியும் பிரைமரும் இல்லாமல் மேலும் ஒரு வருடம் கிடந்தாலும் அதற்குக் கேடில்லை. இல்லையென்றால் படுக்கையறையைத் தள்ளிப்போட்டு, கை அதிகம் படும் ஹாலையும் சமையலறையையும் மட்டும் முழுமையாக முடித்துவிடுங்கள். பிரைமர் அடித்த சுவர் நான்கைந்து மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயாராகிவிடும் என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்கக் காரணமே இல்லை. விலை குறைந்த எமல்ஷனாக இருந்தாலும் இரண்டு கோட் அடியுங்கள். வெறும் பிரைமருக்கு, மலிவான பூச்சான டிஸ்டெம்பர்கூட எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே பிரைமரோடு குடியிருப்பவர்கள் அதன் மீது நேராகக் கலர் அடித்துவிடாதீர்கள். எண்ணெய் ஏறிய இடத்தில் தண்ணீர் கலந்த பெயிண்ட் பிடிக்காது, மஞ்சளும் மேலே ஊறி வரும். சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்து, கறை பட்ட இடங்களில் மட்டும் ஆயில் பிரைமர் வைத்து, அதன்பின் சுவர் முழுவதும் மறுபடி ஒரு கோட் பிரைமர் அடித்த பிறகுதான் எமல்ஷன். ஆசிரியர் வீட்டில் இப்போது அந்த வேலைதான் நடக்கிறது. ஒரே சுவருக்கு இரண்டாம் முறையாகப் பிரைமர் வாங்கிய பில்லை அந்த அம்மா கையில் வைத்துக்கொண்டு, "முதலிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.