பயம் ஏன் வயிற்றைப் பிடிக்கிறது?

பி.யூ.சி. (பிளஸ் டூவுக்கு இணையான படிப்பு) தேர்வு எழுதும் பெங்களூரு அல்சூர் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹாலுக்குள் நுழையும் முன் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. பயம் மூளையில்தானே, வயிறு ஏன் பாடுபடுகிறது?"

மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை உணர்த்த, அவசர காலத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்ள, அட்ரீனலின் ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இவ்வளவும் பாடப் புத்தகத்திலேயே உண்டு. சுவாரசியம் இதற்குக் கீழேதான் இருக்கிறது.

எக்ஸ் கதிர் 1895-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், ஹார்வர்டு மருத்துவ மாணவர் வால்டர் கேனன், எக்ஸ் கதிரில் நிழலாகத் தெரியும் பிஸ்மத் என்ற உலோகத்தின் சேர்மம் கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து, இரைப்பை அசைவதைத் திரையில் பார்த்தார். அலை அலையாகச் சுருங்கி உணவை முன்னே தள்ளிக்கொண்டிருந்த இரைப்பை, பூனை மிரண்டு திமிறியதும் சட்டென்று நின்றுபோனது. தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தியதும் அலைகள் திரும்பின. உயிருக்கே ஆபத்து என்னும்போது செரிமானம் காத்திருக்கலாம். ரத்தம் தசைகளுக்குப் போயாக வேண்டும்.

அப்படியென்றால் குடலும் அடங்கித்தானே இருக்க வேண்டும்? இல்லை. பயத்தில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சுரக்கும் சி.ஆர்.எஃப். என்ற சிறிய புரதத் துண்டுக்கு இரண்டு வகை ஏற்பிகள் (அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் செல் பூட்டுகள்) உண்டு. எலிகளில் செய்த ஆய்வுகளின்படி, ஒரு வகை வழியாக இரைப்பை மந்தமாகிறது. மற்றொன்றின் வழியாகப் பெருங்குடல் முடுக்கிவிடப்படுகிறது. மேல்மாடியில் கடையடைப்பு, கீழ்த்தளத்தில் அவசர வெளியேற்றம். இரண்டுக்கும் உத்தரவு போடுவது ஒரே பொருள்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

தேர்வு நாளில் பிள்ளைக்கு வயிறு கலங்கினால், கண்பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றிப்போடும் வீடுகள் பெங்களூருவிலும் உண்டு. பாசத்தில் செய்வதுதான். ஆனால் அது கண்ணேறு அல்ல, கோழைத்தனமும் அல்ல. நல்ல நிலையில் உள்ள நரம்புகளின் வேலை. தேர்வு நடுவே கழிப்பறைக்குக் கேட்கும் பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்க்கும் கண்காணிப்பாளர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாணவிக்கு ஒன்று: பதற்றத்தில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அதனால் தேர்வுக்கு வெகு முன்பே, இரண்டு இட்லியோடு சிற்றுண்டியை முடித்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் காபியும் பெருங்குடலைத் தூண்டக்கூடியது. அதைத் தேர்வு முடிந்து வந்து குடிக்கலாம்.