ஏரிச் சேற்றில் ஓர் ஆட்டுத் தடம்: ஃபாரோ தீவுகளுக்கு வந்தவர்கள் யார்?

நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே வட அட்லாண்டிக்கில் 18 தீவுகள். எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் மலைகள், புல், ஓயாத காற்று. ஃபாரோ தீவுகள் என்று பெயர். டென்மார்க்கின் கீழ் தன்னாட்சியோடு இருக்கின்றன. சுமார் 54,000 பேர் வாழ்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் நோர்ஸ் மக்கள், அதாவது நாம் வைக்கிங் என்று கேள்விப்பட்டவர்கள், வந்து குடியேறிய நாடு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். மீதியைச் சொல்ல எழுத்து ஆவணம் ஏறக்குறைய இல்லை. ஆனால் ஏரிச் சேறு இருக்கிறது, இன்றைய மக்களின் மரபணு இருக்கிறது.

சேற்றிலிருந்து தொடங்கலாம். எஸ்ட்ரோய் தீவில் ஐயி என்ற ஊருக்கு மேலே ஓர் ஏரி. மழை கரையிலிருந்து அடித்து வருவதெல்லாம் அதன் அடியில் வண்டலாகப் படிகிறது: மகரந்தம், இலைத் துணுக்கு, ஆட்டுப் புழுக்கை. குளிர்ந்த, ஆக்சிஜன் குறைந்த சேற்றில் டிஎன்ஏ துண்டுகள் மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு ஆயிரம் ஆண்டுக்கு மேலும் தாங்கும். ஆய்வாளர்கள் நீளமான குழாயை இறக்கி, அடுக்கு கலையாமல் சேற்றை உருவி எடுத்து, அடுக்கடுக்காக வெட்டிச் சோதிக்கிறார்கள். கீழே போகப் போகக் காலம் பின்னால் போகும்.

எந்த அடுக்கு எந்த ஆண்டு என்று எப்படித் தெரியும்? பழைய உயிர்ப்பொருளில் மிஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் கரிமக் காலக்கணிப்பு ஒரு வழி. இங்கே இன்னொரு நல்ல அடையாளமும் கிடைத்தது. கி.பி. 877 வாக்கில் ஐஸ்லாந்தில் வெடித்த எரிமலையின் சாம்பல் காற்றில் வந்து இந்த ஏரியிலும் விழுந்திருக்கிறது. கண்ணாடித் துகள் போன்ற அந்தச் சாம்பலின் வேதிக் கலவையை வைத்து எந்த வெடிப்பு என்று அடையாளம் காணலாம். நோர்ஸ் குடியேற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கே நேராக ஒரு கோடு கிழித்தது போல அது கிடக்கிறது.

2021இல் முடிவு வெளியானது. செம்மறி ஆட்டின் டிஎன்ஏ அந்தச் சாம்பலுக்கு வெகு கீழே, கி.பி. 500 வாக்கில் படிந்த அடுக்கிலேயே தலைகாட்டுகிறது. ஆட்டுச் சாணத்திலிருந்து வரும் தனி வேதிப்பொருள்களும் அதே அடுக்கில்தான் தொடங்குகின்றன. அந்தக் காலத்திலேயே புதர்ச் செடிகள் குறைந்து புல் பெருகுகிறது, மேய்ச்சல் தொடங்கிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பின்னால் இருக்கும் எளிய தர்க்கம். இந்தத் தீவுகளில் இயற்கையாக வந்த தரைவாழ் பாலூட்டி ஒன்றுகூடக் கிடையாது. ஆடு இத்தனை கடலை நீந்தி வராது. ஆகவே ஆடு இருந்தால் படகு வந்திருக்கிறது, படகில் மனிதர் இருந்திருக்கிறார்கள். ஓர் எலும்போ வீடோ கிடைக்காமலே, நோர்ஸ் மக்களுக்கு 300 ஆண்டுக்கும் முன்னால் அங்கே ஆள் இருந்தது உறுதியாகிறது.

இதற்கு முன்பே குறிப்புகள் இருந்தன. டிகுயில் என்ற ஐரிஷ் துறவி 825இல் எழுதியதில், பிரிட்டனுக்கு வடக்கே உள்ள சில தீவுகளில் நூறாண்டு அளவுக்குத் துறவிகள் வாழ்ந்ததாகவும், வடவர் கொள்ளையருக்குப் பயந்து விட்டுப் போனதாகவும், இப்போது அங்கே கணக்கில்லாத ஆடுகள் இருப்பதாகவும் வருகிறது. அவை ஃபாரோ தீவுகளாக இருக்கலாம் என்று பலர் கருதினாலும் அப்போது சான்று போதவில்லை. 2013இல் சாண்டோய் தீவில் ஒரு நோர்ஸ் வீட்டின் அடியில் கரிந்த பார்லி மணிகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பழையவை நான்கிலிருந்து ஆறாம் நூற்றாண்டுக்குள் வருபவை. பார்லியும் தானாக வந்து முளைக்கிற பயிரில்லை.

சரி, பிறகு வந்த நோர்ஸ் மக்கள்? அவர்கள் வந்ததில் சந்தேகமே இல்லை. நீள வீடுகளின் அடித்தளம் க்விவிக், லெய்ர்விக் போன்ற ஊர்களில் இன்றும் தெரிகிறது. தீவெங்கும் எரிமலைப் பாறைதான், மாக்கல் கிடையாது. ஆனால் அந்த வீடுகளில் மாக்கல் பாத்திரத் துண்டுகள் கிடைக்கின்றன, வெளியிலிருந்து கப்பலில் வந்தவை. கூடவே ஐரிஷ் கடல் வட்டாரப் பாணியில் செய்த உடை ஊசியும் லெய்ர்விக்கில் கிடைத்தது. நேரே நார்வேயிலிருந்து மட்டும் எல்லாரும் வரவில்லை என்பதற்கு அது ஒரு சின்னத் துப்பு. பெரிய துப்பு மரபணுவில் இருந்தது.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டும் வரும். இரண்டும் கலந்து சீட்டுக் குலுக்கப்படாமல் தலைமுறை தாண்டுவதால், தந்தைவழியையும் தாய்வழியையும் தனித்தனியே பின்தொடர முடிகிறது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றைய ஃபாரோ மக்களிடம் இதைப் பார்த்தது. தந்தைவழியில் ஏறக்குறைய 87 சதவீதம் ஸ்காண்டிநேவியா. தாய்வழியில் ஏறக்குறைய 84 சதவீதம் பிரிட்டிஷ் தீவுகள். இவ்வளவு கோணலான விகிதம் பக்கத்துத் தீவுகளில் இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்திலும் ஆர்க்னியிலும் ஆண் பெண் இரு வழியிலும் ஸ்காண்டிநேவியப் பங்கு கிட்டத்தட்டச் சமம். அங்கே குடும்பமாகவே குடியேறியிருக்கிறார்கள்.

சின்ன மக்கள்தொகையில் சில வழிகள் தற்செயலாக அற்றுப்போகும், சில பெருகும். ஆகவே இந்த எண்களைக் குடியேறிய நாளின் கணக்கு என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது திசை தெளிவு. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்திலிருந்து பெண்கள் பெருமளவில் வந்திருக்கிறார்கள். மனைவியாகவா, அடிமையாகவா? வைக்கிங் காலத்தில் இரண்டும் நடந்தது. டிஎன்ஏ அதைச் சொல்லாது.

அந்தப் பெண்களும் அவர்கள் ஊர் ஆட்களும் மொழியில் தடம் விட்டிருக்கிறார்கள். ஃபாரோ மொழி பழைய நோர்ஸின் நேரடி வாரிசு. ஆனால் மோர், காளை, கோடை மேய்ச்சல் கொட்டகை ஆகியவற்றுக்கு அதில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கேலிக் மொழிச் சொற்கள் வழங்குகின்றன. எல்லாம் மாட்டுத் தொழுவமும் பால் வேலையும் சார்ந்தவை. வேலையைச் செய்தவர்களின் வாய்ச்சொல் நிலைத்துவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன். வெறுமனே "வைக்கிங் பாரம்பரியம்" என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களை ஒரே வரியில் அழித்துவிடுகிறார்கள்; எனக்கு அது மனத்தாங்கல்.

நோர்ஸ் மரபில் வந்தவை என்று தயங்காமல் சொல்லக்கூடியவையும் நிறைய. டோர்ஷவுன் நகரில் கடலுக்குள் நீளும் பாறை முனையில் கூடிய மக்கள் மன்றத்தின் பெயரைத்தான் இன்றைய நாடாளுமன்றம் தாங்குகிறது. 1298இல் எழுதப்பட்ட ஆட்டு ஆவணம் மேய்ச்சலுக்கும், நாய் ஆட்டை விரட்டினால் தரவேண்டிய ஈட்டுக்கும் விதி சொல்கிறது. நீண்ட கதைப்பாடல்களைக் கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். தேவாலயத்திலும் பள்ளியிலும் டேனிஷ் மொழி ஆண்ட நூற்றாண்டுகளில் ஃபாரோ மொழியைக் காப்பாற்றியதில் அந்த ஆட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1846இல் ஹம்மர்ஷைம்ப் என்பவர் வகுத்த எழுத்துமுறையில்தான் இன்று பள்ளிப் பாடம் நடக்கிறது.

அப்புறம் இறைச்சி. உப்புக்கண்டம் போட உப்பும் வெயிலும் வேண்டும். இங்கே இரண்டுக்கும் வழியில்லை. கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்க விறகு வேண்டும், தீவில் காடே இல்லை. எனவே காற்றை வேலை வாங்கினார்கள். வீட்டருகே ஒரு குடில். அதன் சுவர்ப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. அக்டோபரில் அறுத்த ஆட்டை உப்பு சேர்க்காமல் அதில் தொங்கவிடுவார்கள். குளிர்காலத்திலும் வெப்பம் சராசரி 3, 4 டிகிரிக்குக் கீழே அதிகம் போவதில்லை. முற்றிலும் உறைந்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்யாது, சூடானால் அழுகிவிடும். இந்த நடு வெப்பத்தில் இறைச்சி மெதுவாகப் புளிக்கும். ஈரக் கடற்காற்று வெளிப்புறம் சட்டென்று காய்ந்து இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. நொதிகள் புரதத்தைச் சின்னத் துண்டுகளாக உடைக்க, முற்றிய பாலாடைக்கட்டி போன்ற காட்டமான வாசனை ஏறுகிறது. கிறிஸ்துமஸ் வாக்கில் அது சமைத்து உண்ணும் பதத்துக்கு வரும். கோடைவரை விட்டால் நன்றாகக் காய்ந்து, சமைக்காமல் அப்படியே சீவித் தின்னலாம்.

கொஞ்சம் பேர் கொண்டுவந்த மரபணுவுக்கு ஒரு விலையும் உண்டு. கார்னிட்டின் என்ற பொருள்தான் கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோய் எரிக்க உதவுகிறது. அதைச் செல்லுக்குள் இழுக்கும் மரபணு பழுதாக இருந்தால், ஆரோக்கியமாகத் தெரியும் இளைஞர்கூட இதயம் தாளம் தப்பித் திடீரென்று இறக்கலாம். ஜப்பானில் சுமார் 40,000 பேரில் ஒருவருக்கு வரும் இந்தக் குறை, ஃபாரோ தீவுகளில் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சிறு கூட்டமாகத் தொடங்கி, தங்களுக்குள்ளேயே பெருகிய மக்களில் ஓர் அரிய மாற்றம் இப்படிப் பொதுவாகிவிடும். ஓர் எளிய ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் நாள்தோறும் கார்னிட்டின் எடுத்துக்கொண்டால் போதும். அதனால்தான் ஊர் மக்கள் எல்லாருக்கும் பரிசோதனையைக் கொண்டுபோக அங்கே திட்டம் போட்டார்கள்.