அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்: கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. மகன் மனுப் போட்டுக் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தான். ஊரில் கணவர் படுத்த படுக்கையாகிவிட, எட்டு மாதம் அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் அமெரிக்கா திரும்பினார். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி தனியறைக்கு அழைத்துப் போய் ஒரு தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்கள், விட்டுவிடுகிறோம்" என்றதும் போட்டுவிட்டார். அது ஐ-407. கிரீன் கார்டை நானே விருப்பப்பட்டு ஒப்படைக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் படிவம். வெளியே வந்து மகனிடம் காட்டிய பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது.

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. "போட மாட்டேன், குடிவரவு நீதிபதியிடம் சொல்லிக்கொள்கிறேன்" என்று மறுக்கலாம். நீதிபதி முடிவு சொல்லும்வரை நீங்கள் கிரீன் கார்டு உள்ள நிரந்தரவாசிதான். அதிகாரிகள் கார்டை வாங்கி வைத்துக்கொண்டால், நீங்கள் நிரந்தரவாசி என்பதற்கு வேறோர் அத்தாட்சியை அவர்கள் தந்தாக வேண்டும். அமெரிக்க வசிப்பிடத்தைக் கைவிட்டீர்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அரசாங்கத்துடையது. ஊருக்குப் போகும் பெற்றோரின் பாஸ்போர்ட்டுக்குள் இதைத் தமிழில் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்து அனுப்புங்கள்.

"ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டினால் போதும்" என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வருடத்தில் பத்து மாதம் ஊரில், இரண்டு மாதம் இங்கே என்று போய்வந்தால், எந்த ஒரு பயணமும் ஆறு மாதம் தாண்டாவிட்டாலும் கேள்வி வரும். வரித் தாக்கல், மாநில அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு இவற்றின் நகல்களைக் கையில் வைத்திருங்கள். வரியை வெளிநாட்டுவாசி என்று தாக்கல் செய்துவிட்டால், நீங்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது போல ஆகிவிடும்.

ஒரு வருடத்துக்கு மேல் தங்க நேரும் என்று தெரிந்தால், புறப்படும் முன்பே ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதி கேளுங்கள். ஊருக்குப் போய்விட்டு அங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது. பெரும்பாலும் இரண்டு வருடம் செல்லும். ஆனால் இது திரும்பி வருவதற்கு மட்டும்தான் உதவும். குடியுரிமைக்கான நாள் கணக்கை இது காப்பாற்றாது. இந்த ஒன்று தெரியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

அந்தக் கணக்கு இப்படி. கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். அதில் மொத்தம் 30 மாதமாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். இவ்வளவோடு விட்டுவிடுகிறார்கள் பலர். ஒவ்வொரு பயணத்தையும் தனியாகவும் பார்ப்பார்கள். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர் வசிப்பு அறுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஒரு வருடம் ஆகிவிட்டால் பழைய வருடங்கள் போயின. திரும்பி வந்த நாளிலிருந்து நான்கு வருடமும் ஒரு நாளும் கழித்துத்தான் குடியுரிமை விண்ணப்பமான என்-400 போட முடியும். இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் போட்டால் பழைய பயணத்தைப் பற்றிய சந்தேகமே எழாது.

ஐந்து வருடம் முடிய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். 91 நாள் இருக்கும்போதே போட்டால் விண்ணப்பமும் போகும், பணமும் போகும். நாளை எண்ண வேண்டியது கார்டில் "Resident Since" என்று அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்து. வேறு விசாவில் நீங்கள் முதன்முதலில் வந்து இறங்கிய நாளிலிருந்து அல்ல.

அடுத்தது, கல்யாணம் செய்துகொண்டு வந்து இரண்டு வருட நிபந்தனைக் கார்டு வாங்கிய பெண்கள். கார்டு முடிய 90 நாள் இருக்கும்போது நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைத் தம்பதி சேர்ந்து போட வேண்டும் என்பது விதி. இந்தச் "சேர்ந்து" என்ற ஒரே சொல்லை வைத்து மனைவியை மிரட்டும் கணவர்களை நான் பார்த்திருக்கிறேன். "நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குத்தான் போக வேண்டும்" என்பார்கள். அது பொய். கல்யாணம் உண்மையானதாக இருந்து விவாகரத்து ஆகியிருந்தாலோ, வீட்டில் கொடுமை நடந்திருந்தாலோ, அவர் கையெழுத்து இல்லாமல் நீங்கள் தனியாகவே விண்ணப்பிக்கலாம். அதற்கு அந்த 90 நாள் கெடுவும் கிடையாது. கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், படங்கள் எல்லாவற்றின் நகல்களையும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் இன்றே சேர்த்து வையுங்கள்.

வீடு மாறினால் 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தபால் நிலையத்தில் சொன்னது கணக்கில் வராது. கைரேகைக்கு வரச்சொன்ன கடிதம் பழைய வீட்டுக்குப் போய், நீங்கள் வரவில்லை என்று விண்ணப்பத்தையே மூடிவிடுவார்கள். உங்களைத் தேடி யாரும் போன் செய்யப் போவதில்லை.

ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது வாக்காளராகப் பதிய விருப்பமா என்று ஒரு கட்டம் இருக்கும். ஒருபோதும் "ஆம்" என்று குறிக்காதீர்கள். குடிமகன் என்று பொய் சொன்னதாக ஆகி, நாடு கடத்தல்வரை கொண்டுபோய் விடும். அலுவலரே குறித்துவிட்டாலும் மாட்டுவது நீங்கள்தான். கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தை முழுதும் படியுங்கள்.

ஆங்கிலம் வராது என்று குடியுரிமையையே கைவிட்ட பெரியவர்கள் கவனிக்க வேண்டும். 50 வயதும் கார்டு வாங்கி 20 வருடமும், அல்லது 55 வயதும் 15 வருடமும் ஆகியிருந்தால் ஆங்கிலத் தேர்வு இல்லை. அமெரிக்க வரலாறும் அரசு முறையும் பற்றிய தேர்வுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போகலாம். 65 வயதும் 20 வருடமும் ஆனவர்கள் 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும்.

குடியுரிமை நேர்காணல் முடிந்து 120 நாளாகியும் பதில் வராவிட்டால், கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். "காத்திருங்கள்" என்பதைத் தவிர அலுவலகம் வேறெதுவும் சொல்லாது. நிராகரித்துவிட்டால் மறுவிசாரணை கேட்க 30 நாள்தான். இந்த இரண்டுக்கும் வக்கீலைப் பாருங்கள், படிவம் நிரப்பித் தரும் ஏஜென்ட்டை அல்ல.

உறுதிமொழி விழாவன்று கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்க பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை வெளியே போக உங்களிடம் எந்த ஆவணமும் இருக்காது. இந்தியச் சட்டப்படி உங்கள் இந்தியக் குடியுரிமையும் அந்த நாளோடு முடிகிறது, பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் குற்றம். அதை ஒப்படைத்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோ இந்திய விசாவோ வாங்கிய பிறகுதான் ஊருக்குப் போக முடியும். அந்த மாதங்களில் தங்கை கல்யாணம் என்று டிக்கெட் போட்டு வைக்காதீர்கள்.