பல்லிக்கு மருந்து கேட்கும் முன் பூச்சிப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் க்ளினிக்குக்கு பியர்டட் டிராகன், லெப்பர்ட் கெக்கோ போன்ற வளர்ப்புப் பல்லிகளைக் கொண்டுவருகிறவர்களிடம், அதற்கு உயிரோடு தீனியாகப் போடும், வெட்டுக்கிளி போலத் துள்ளும் கிரிக்கெட் பூச்சிப் பெட்டியையும் கையோடு எடுத்துவரச் சொல்வேன். "நோய் டிராகனுக்குத்தானே டொக்டர், பூச்சியை என்னத்துக்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு. பல்லி தின்பது பூச்சியை மட்டுமல்ல, பூச்சி தின்றதையும் சேர்த்துத்தான். பட்டினியில் கிடந்து சாகப்போகும் கிரிக்கெட்டில் மேலோடும் காலும்தான் மிச்சம்.

அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: "ரெண்டு நாளிலை பாதி செத்துப் போச்சு, கடைக்காரன் ஏமாத்திறான் போலை." சில வேளை அது உண்மைதான். ஆனால் முதலில் பூச்சியின் வயதைப் பாருங்கள். கடையில் விற்கும் ஹவுஸ் கிரிக்கெட், முப்பது பாகை வெப்பத்தில் வளர்ந்தால், முட்டையிலிருந்து வெளிவந்து ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் சிறகு முளைத்து முதிர்ந்துவிடும். அதன்பின் அதன் ஆயுள் சில கிழமைகள்தான். நீங்கள் வாங்கும்போது அதில் எவ்வளவு கழிந்ததென்று யாருக்குத் தெரியும்? முழு நீளச் சிறகு முதுகை மூடியிருந்தால் அது கிழடு. பெட்டிக்குள்ளிருந்து கிரீச் சத்தம் வந்தாலும் அப்படியே: கத்துவது முதிர்ந்த ஆண் மட்டும்தான். இரவு முழுக்கக் கத்தும் பெட்டியை 'நல்ல உசார்ப் பூச்சி' என்று தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்க வேண்டியது சத்தமே போடாத, சிறகில்லாத, அரை அங்குலப் பூச்சிகளை. உங்கள் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைப் போடக்கூடாது என்பதால், பல வீடுகளுக்கு அந்த அளவே போதும்.

அடுத்த எதிரி ஈரம். கடையில் தரும் சின்னப் பிளாஸ்டிக் டப்பா வீடு வரை கொண்டுவருவதற்கு மட்டுமே. அதிலேயே ஒரு உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டு ஒரு கிழமை வைத்தால், எச்சமும் ஈரமும் கலந்து அமோனியா கிளம்பும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அந்த நெடியில்தான் அவை இரவு பகல் கிடக்கின்றன. ஐம்பது லீட்டர் அளவுள்ள, உள்பக்கம் வழுவழுப்பான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுங்கள். மூடியில் அகலமாக வெட்டி உலோக வலை ஒட்டுங்கள். நைலோன் வலையைக் கடித்தே வெளியே வந்துவிடும். அடியில் மண், மரத்தூள் எதுவும் வேண்டாம். முட்டை அட்டைகளைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், எச்சம் கீழே விழுந்துவிடும், பூச்சிக்கு ஒளிய இடமும் கிடைக்கும். இடம் நெருக்கமானால் ஒன்றையொன்று தின்னும். தோல் கழற்றி வெள்ளை வெளேரென்று மெத்தென இருக்கும் பூச்சிதான் முதலில் போகும்.

தண்ணீரைத் திறந்த கிண்ணத்தில் வைத்தால் மூழ்கிச் சாகும். ஸ்பொஞ்ச் வைத்தால் இரண்டு நாளில் நாறும். கரட், தோடம்பழத் துண்டு, அல்லது கடையில் கிடைக்கும் நீர் ஜெல் நல்லது. ஜெல்லில் தண்ணீர் தவிர வேறு சத்து இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காய்கறித் துண்டை தினமும் மாற்றுங்கள், பூஞ்சணம் பிடித்ததை விட்டுவைக்காதீர்கள்.

இங்கே தை மாதத்தில் கடை வாசலிலிருந்து கார் வரை டப்பாவை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்க்கிறேன். சைபருக்குக் கீழே பதினைந்து பாகையில் பூச்சி சாக அந்த நடையே போதும். முதலில் காரைச் சூடாக்குங்கள், டப்பாவை ஜக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டில் 24, 25 பாகை போதும். இன்னும் சூடாக்கினால் வேகமாக வளர்ந்து வேகமாகக் கிழடாகும். குளிரான பேஸ்மென்ரில் வைத்தால் ஆயுள் கொஞ்சம் நீளும், ஆனால் அசையாமல், சாப்பிடாமல் கிடக்கும். வயிறு காய்ந்த பூச்சி நீண்ட நாள் உயிரோடிருந்து பல்லிக்கு ஆவது ஒன்றுமில்லை.

கிரிக்கெட்டின் உடம்பில் கல்சியத்தைவிட பொஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பல்லிக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறு: பொஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கல்சியம் இரண்டு பங்கு. வெறும் கிரிக்கெட்டாகவே கொடுத்து, உடம்பு கல்சியத்தை எடுக்க உதவும் UVB (புற ஊதா) விளக்கும் பழசாகிப் போயிருந்தால், எலும்பிலிருந்து கல்சியம் கரைந்துபோகும். அப்படி வரும் டிராகனின் கீழ்த்தாடையை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் றப்பர் போல வளையும். கால் விரல்கள் துடித்துக்கொண்டிருக்கும். எக்ஸ்றேயில் எலும்பும் சதையும் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும்.

இதைத் தடுக்க, போடுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து பூச்சிக்குக் கல்சியம் நிறைந்த தீனி கொடுக்க வேண்டும். வாங்கும் மாவில் எட்டு வீதமளவு கல்சியம் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். அதையே தொடர்ந்து கொடுக்காதீர்கள், அந்தத் தீனியில் நாள் கணக்காக இருந்தால் கிரிக்கெட்டே கூடுதலாகச் சாகும். அதனால் பெட்டியில் வழக்கமான தீனி கோழிக்குஞ்சுத் தீவனம், ஓட்ஸ், கீரை என்று இருக்கட்டும். பல்லிக்குப் போகவிருக்கும் இருபது முப்பதை மட்டும் பிரித்துத் தனி டப்பாவில் கல்சிய மாவோடு விடுங்கள். பூச்சியின் மேல் தூவும் கல்சியத் தூளை, பல்லிக்குப் போடுவதற்குச் சற்று முன்னர்தான் தூவ வேண்டும். கிரிக்கெட் தன்னைத் தானே துடைத்துத் தூளைக் கொட்டிவிடும்.

நாய்க்கு உண்ணி மருந்து போட்ட கையாலோ, கரப்பான் ஸ்பிறே அடித்த அறையிலோ பூச்சிப் பெட்டியைத் தொடாதீர்கள். கிரிக்கெட்டும் பூச்சிதானே, அந்த மருந்து அதையும் கொல்லும். கீரையையும் நன்றாகக் கழுவிக் கொடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும், இளம் பூச்சிகள் மல்லாந்து விழுந்து கால் துடித்துக் கூட்டம் கூட்டமாகச் செத்தால் வைரஸாக இருக்கலாம். டென்ஸோவைரஸ் என்ற ஒன்று 2010 வாக்கில் வட அமெரிக்கப் பண்ணைகளில் ஹவுஸ் கிரிக்கெட்டை வாரிக்கொண்டு போனது. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸின் குடும்பம்தான், ஆனால் உங்களுக்கோ நாய்க்கோ பல்லிக்கோ ஒட்டாது. மிஞ்சியதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் அட்டையோடு கட்டி எறிந்து, பெட்டியைப் பிளீச் கரைசலில் ஊறவைத்துக் காயவிடுங்கள். குசினித் தொட்டியில் கழுவ வேண்டாம். அடுத்த முறை பாண்டட் கிரிக்கெட் என்ற வேறு இனத்தைக் கேட்டு வாங்குங்கள், அதை இந்த வைரஸ் அவ்வளவாகத் தாக்குவதில்லை. கொஞ்சம் அதிகமாகத் துள்ளும், அவ்வளவுதான்.

கடைசியாக, கால் மணி நேரத்தில் பல்லி தின்னாமல் விட்டதைத் திரும்ப எடுத்துவிடுங்கள். பசித்த கிரிக்கெட் இரவில் தூங்கும் பல்லியின் கால் விரலையும் கண்ணிமையையும் கடிக்கும். பிடிக்க முடியாமல் ஒன்றிரண்டு ஒளிந்துவிட்டால், கூண்டின் மூலையில் ஒரு கரட் துண்டை வையுங்கள், அவை அங்கே வந்து சேரும்.