நாணை அம்பு எவ்வளவு இறுகப் பிடிக்க வேண்டும்?

அம்பின் வால்நுனியில் நாண் அமர்வதற்கென்று ஒரு பிளவு இருக்கிறது. வில்லாளிகள் ‘நாக்’ என்பது அதைத்தான். மரபு வில்லில் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு பறந்தால், பலர் உடனே தண்டையோ இறகையோ மாற்றத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் இந்தப் பிளவு நாணை எப்படிக் கவ்வுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

நாணேற்றிய வில்லை, நாண் மேலேயும் வில் கீழேயும் இருக்கும்படி படுக்கையாகப் பிடியுங்கள். அம்பை நாணில் மாட்டி, முனை தரையைப் பார்க்கத் தொங்கவிடுங்கள். அது தானாக விழக் கூடாது. பிளவிலிருந்து 3 முதல் 5 செ.மீ. தள்ளி நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிட வேண்டும். ஓங்கி இரண்டு மூன்று முறை தட்டியும் விழவில்லை என்றால் பிடி அதிகம்.

விட்ட நாண் அம்பை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்து, ஓய்வுநிலையை நெருங்கும்போது வேகம் இழக்கிறது. அம்போ அதே வேகத்தில் முன்னே போகிறது. இரண்டும் பிரிய வேண்டிய கணம் அது. பிளவு இறுகியிருந்தால் நாண் வாலைப் பிடித்து இழுக்கும். விரலால் விடுகிற நாண் பக்கவாட்டிலும் அலைவதால், அந்த அலைவும் வாலுக்குப் போய்ச் சேரும். பார்ப்பதற்குத் தண்டின் விறைப்பில் கோளாறு போலவே இருக்கும். தவறான இடத்தில் திருத்திக்கொண்டே போவோம்.

தளர்வு இதைவிட ஆபத்தானது. இழுக்கும்போதே அம்பு நாணை விட்டு நழுவிவிட்டால், வில் வெறும் நாணைத்தான் எறிகிறது. அம்பு கொண்டுபோக வேண்டிய ஆற்றல் வில்லின் கைகளுக்கே, அதாவது வளையும் மேல், கீழ்ப் பகுதிகளுக்கே திரும்புவதால் வில் உடையலாம்.

திருத்தத்தை நாணின் நடுச்சுற்றில், அதாவது அம்பு மாட்டும் இடத்தில் நாணைச் சுற்றியிருக்கும் நூலில் தொடங்குவதே சரி; ஒரு சுற்றை மாற்றினால் எல்லா அம்புகளுக்கும் பொருந்திவிடும். சுற்றிய நூல் நாணின் இரு பக்கமும் இருப்பதால் அதன் தடிமன் இரண்டு மடங்காகச் சேரும். 0.018 அங்குல நூலுக்குப் பதில் 0.021 அங்குல நூலைச் சுற்றினால் 0.006 அங்குலம், அதாவது சுமார் 0.15 மி.மீ. கூடும். சிறிதாகத் தோன்றினாலும் பிடியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நாணில் 12 இழைக்கு 14 இழை போட்டாலும் இழைக்கட்டு ஏறத்தாழ 8 சதவீதம் தடிக்கும்; ஆனால் நாணின் எடை கூடி அம்பின் வேகம் குறையும். மெல்லிய நாண் என்றால், நடுச்சுற்றுக்கு அடியில் மட்டும் ஓரிரு இழைகளைக் கூடுதலாக வைத்துச் சுற்றலாம்.

ஓரிரு அம்புகள் மட்டும் தளர்வாக இருந்தால், பிளவுள்ள பிளாஸ்டிக் வால்துண்டைக் கொதிநீரில் சில விநாடி முக்கி, பிளவின் இரு பக்க இதழ்களை லேசாக அழுத்திப் பிடித்தபடி ஆறவிடுங்கள். வெடிப்பு தெரிகிற துண்டைத் திருத்தவே வேண்டாம், கழற்றி எறிந்துவிடுங்கள்.

மரத்தண்டிலேயே வெட்டிய பிளவுக்கு இந்தத் தொங்கல் சோதனை பொருந்தாது. அதன் சுவர்கள் இணையாக இருக்கும். நாண் தடையின்றி அடிவரை இறங்கி அமர வேண்டும், கவ்வல் தேவையில்லை, விரல்களே அம்பைப் பிடித்துக்கொள்ளும். நாண் பாதியில் ஆப்புப்போல் சிக்கினால் ஒவ்வொரு எய்தலும் தண்டைப் பிளக்கப் பார்க்கும். பிளவை ஆண்டு வளையங்களுக்குக் குறுக்காக வெட்டி, அதன் அடியில் நூல் சுற்றி இறுக்குவது இதனால்தான்.

புது நாணில் சில டஜன் அம்புகள் எய்த பிறகே கடைசி முடிவு எடுங்கள். அதற்குள் இழைகள் நீண்டு, சுற்று அமுங்கி, நாண் சற்று மெலிந்திருக்கும். முதல் நாள் கச்சிதமாக இருந்த பிடி அப்போது தளர்ந்திருக்கலாம்.