வெந்தாலும் விடாத இறால்: ஒவ்வாமை உள்ள வீட்டில் துறவி நண்டுக்கு என்ன போடலாம்?

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கடற்கரைக் கடையிலிருந்து மகள், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள் இரண்டை வாங்கி வந்துவிட்டாள். கூடவே வந்த தீனி டப்பாவில் காய்ந்த இறால். அம்மாவுக்கோ ஒரு வாய் இறால் தின்றால் போதும், உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிடும். "டப்பா தீனியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இறாலை நன்றாக வேகவைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் இல்லையா?" என்பது அவருடைய கேள்வி.

ஆகாது. வேகவைப்பதால் தொல்லை இன்னும் கூடும். ஏன் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதலில் நண்டைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கரீபியக் கரைகளில் வாழும் நிலத் துறவி நண்டு. பண்ணையில் வளர்த்தவை அல்ல, கிட்டத்தட்ட எல்லாமே கரையிலிருந்து பிடித்து வந்தவை. இந்த வியாபாரம் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் வீட்டுக்கு வந்துவிட்ட உயிரைப் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும். தரையில் நடமாடினாலும் அது செவுளால்தான் மூச்சு விடுகிறது. அதனால் தொட்டிக்குள் ஈரப்பதம் 75, 80 சதவீதம் இருக்க வேண்டும். உதிர்ந்த பழம், சருகு, மட்கிய கட்டை, கரை ஒதுங்கிய பாசி, செத்த மீன் என்று எதையும் தின்னும்.

இனி இறால். இறால் ஒவ்வாமையில் முதல் குற்றவாளி ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம். ஒவ்வொன்றும் 284 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சுருள் இழைகள், இரண்டு புரிகளை முறுக்கிய கயிறு போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஏழு ஏழு அமினோ அமிலங்களாக எண்ணிக்கொண்டு போனால், ஒவ்வொரு ஏழிலும் முதல் இடத்திலும் நான்காம் இடத்திலும் பெரும்பாலும் நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் இருக்கும். இவை உள்பக்கமாகத் திரும்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நீரை விரும்புபவை வெளியே நிற்கும்.

முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் என்ன ஆகிறது? அதன் புரதங்கள் சிக்கலாக மடிந்து உருண்டையாக இருப்பவை. சூட்டில் மடிப்புகள் பிரிந்து, உள்ளே ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வந்து, பக்கத்துப் புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். பழைய உருவத்துக்குத் திரும்பவே முடியாது. ட்ரோபோமயோசினுக்கு அப்படிச் சிக்கலான மடிப்பே கிடையாது. சூடேறினால் முறுக்கு அவிழும். ஆறியதும் அந்த ஏழேழு ஒழுங்கு மறுபடி பொருந்தி, முறுக்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் இதைப் பிரித்தெடுக்கவே தசைச் சாற்றைக் கொதிக்க வைப்பதுண்டு. மற்ற புரதங்கள் திரிந்து அடியில் தங்க, இது மட்டும் நீரில் கரைந்தபடி நிற்கும்! இறால் வெந்த தண்ணீரிலும் இது இறங்கியிருக்கும். கொதிக்கும்போது எழும் ஆவியோடு ஒவ்வாமைப் புரதங்கள் காற்றிலும் ஏறும். கனடாவின் கியூபெக்கில் நண்டு பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்த வகையில் ஆஸ்துமா வந்ததை 1984லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு நுட்பம். ஒவ்வாமை உள்ளவரின் உடம்பில் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புரதங்கள் வரிசையாக நட்டு வைக்கப்பட்டிருக்கும். ஒற்றை ஐ.ஜி.ஈ. இறால் புரதத்தைப் பிடித்தால் ஒன்றும் நடக்காது. அருகருகே உள்ள இரண்டையாவது ஒரே மூலக்கூறு சேர்த்து இழுத்தால்தான், வீக்கத்தையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைச் செல் கொட்டும். ட்ரோபோமயோசினோ நீளமானது, அதன் நெடுக ஐ.ஜி.ஈ. பிடித்துக்கொள்ளக்கூடிய இடங்கள் பல. மாஸ்ட் செல்லைச் சீண்டுவதற்கென்றே செய்து வைத்த உருவம்.

இதைக் கண்டுபிடித்ததில் நம் பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் நம் கரையோர வெள்ளை இறாலிலிருந்து வெப்பத்துக்கு அசையாத ஒவ்வாமைப் புரதங்களை 1989ல் பிரித்தெடுத்தார்கள். அது ட்ரோபோமயோசின்தான் என்று 1993ல் காட்டினார்கள். இறால் வேகவைத்து ஆராய்வதற்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் நான் உதாரணமாகச் சொல்வேன். இன்னொரு பக்கம், "தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் பழகிவிடும்" என்று வீட்டு வைத்தியம் சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். தயவுசெய்து கேட்காதீர்கள். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அதைச் செய்து பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

சரி, இறாலை நிறுத்தியாயிற்று. பதிலுக்குக் காய்ந்த மாவுப்புழு, சுவர்க்கோழி வாங்கிப் போடலாமே என்று தோன்றும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பூச்சிகளின் ட்ரோபோமயோசின் இறாலுடையதோடு மிக நெருங்கியது. வீட்டுத் தூசியில் இருக்கும் சிற்றுண்ணியிலும் கரப்பான் பூச்சியிலும்கூட அதே ஜாடைதான். 2021ல் மாவுப்புழுவை மனித உணவாக அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியம், இறால் வகைகளும் தூசி உண்ணியும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. மீன் தொட்டிக்காரர்கள் போடும் ரத்தப்புழு வேறு கதை: அதன் ஹீமோகுளோபினே ஒரு பேர்போன ஒவ்வாமைப் பொருள்.

கோழியிலும் ட்ரோபோமயோசின் உண்டு, நம் உடம்பிலும் உண்டு. நம்முடையதை ஒத்திருப்பதால் நோய் எதிர்ப்பு அமைப்பு பொதுவாக அதைச் சீண்டுவதில்லை. ஆகவே உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழித் துணுக்கு, முட்டை ஒத்துக்கொள்ளுமானால் வெந்த முட்டை, இவை புரதத்துக்குப் போதும். மற்றபடி தேங்காய், கேரட், பப்பாளி, மாம்பழம். சுண்ணாம்புச் சத்துக்குக் கழுவிப் பொடித்த முட்டை ஓடு. மீன் தீனி வாங்கினால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள், பலவற்றில் இறால் தூள் கலந்திருக்கும். கடலைப் புரதம் ஒத்துக்கொள்ளாத வீட்டில் வேர்க்கடலை வெண்ணெயும் வேண்டாம்.

நண்டும் இறாலின் உறவுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. அது கழற்றிப்போடும் தோலை எடுக்காதீர்கள், அதையே தின்று சுண்ணாம்பைத் திரும்பப் பெறும். மணலை ஈரமாகவே வைத்திருங்கள், காய்ந்தால் தூசி பறக்கும். தீனித் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லுமே தவிர, கையில் ஒட்டிய புரதத்தை நீக்காது. முன்பு ஒருமுறை மூச்சுத் திணறல் வரை போனவர் என்றால், தொட்டி வேலை முழுவதையும் மகளிடமே விட்டுவிட்டு, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

இறால் இல்லாமல் நண்டு ஏங்கிப்போகுமோ என்ற கவலையும் அந்த அம்மாவுக்கு இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையில் வாழும் இதன் உறவுக்கார இனம் ஒன்றை ராபர்ட் தாக்கர் என்ற ஆய்வாளர் சோதித்து 1998ல் எழுதினார். சற்று முன் தின்ற உணவையே மறுபடி வைத்தால் அந்த நண்டுகள் அதைத் தவிர்த்து, வேறொன்றைத் தேடிப் போயின. ஆகவே நேற்று கேரட் வைத்த தட்டில் இன்றைக்குத் தேங்காய் வையுங்கள், நாளைக்குக் கோழி.